கல்லின் குறிப்பறிந்த கலாயோகி

கலையறிஞர் என்று உலகம் போற்றும் ஆனந்த குமாரசுவாமி அவர்கள் முதலிற் கற்றது கலையன்று, கல்லே.

சேர் முத்துக்குமாரசுவாமிக்கும் ஆங்கில மாதரசி எலிசபெத்துக்கும் மைந்தராக 1877 ஆம் ஆண்டு கொழும்பிலே தோன்றிய அவர், இரண்டாம் அகவையிலே தந்தையை இழந்து, இங்கிலாந்தில் வளர்ந்தார். இலண்டனிலே நிலவியலும் தாவரவியலும் பயின்று 1900 இற் பட்டம் பெற்றார். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருளாய்வுக்குத் தலைமை தாங்கினார்.

அவர் பயின்ற கலை, பாறையின் முகக்குறிப்பைப் படிக்கும் கலை. பொன் தேடுவோர் நாடுவது வெண்படிகக்கல் நாளங்களை. ஆயினும் பால்போல் வெளுத்துத் தூய்மையாய்த் தோன்றும் நாளம் பெரும்பாலும் வறிதே. துருவேறிச் சிவந்து, உட்குழிகள் விழுந்த கல்லே கருதத்தக்கது. இரும்பும் கந்தகமும் கூடிய கனிகள் அழிந்த சுவடே அத்துரு. அவற்றோடு பொன் உறைந்திருப்பின், அது மட்டும் அழியாது எஞ்சும். கோலாரிலே பொன் ஈந்ததும் நீலச்சாம்பல் நிறக் கல்லே. கல்லை இடித்து நீரில் அலசினால், நீரினும் ஏறத்தாழ 19 மடங்கு கனமான பொன் அடியிலே தங்கும். மினுக்கிய காக்காய்ப்பொன்னோ மிதந்தோடிவிடும்.

இலங்கையிற் கோலார் போன்ற பொன்வளம் காணப்பட்டிலது. பலாபத்வல முதலாய மாத்தளை ஊர்களைத் தாங்கும் தொன்மைப் பாறைகள், நிலத்தின் ஆழத்திலே கடுவெப்பத்தில் வெந்து உருமாறியவை. அவற்றில் வெண்படிகம் உண்டு. மின்னும் மைக்காவும் உண்டு. மின்னுவதை நம்பினோர் ஏமாறுவர்.

குமாரசுவாமியின் கண் மின்னலை நாடவில்லை. 1904 இற் பலாங்கொடைப் பகுதியிலே, இரத்தினக்கல் அரிக்கும் மண்ணிற் கருநிறக் கனத்த மணிகள் கிடைத்தன. அழகற்ற அம்மணிகளை அவர் ஆய்வுக்கு உரியனவாகக் கொண்டார். இலண்டன் ஆய்வுகூடத்தார் அவற்றைப் பகுத்து, தோரியம் மிகுந்த புதுக்கனி எனக் கண்டு, தோரியனைற்று எனப் பெயரிட்டனர். இலங்கைக் கனிகளைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1906 இல் இலண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு அறிவியற் கலாநிதிப் பட்டம் அளித்தது.

பாறை தேடி ஊர்தோறும் நடந்தவர், அவ்வூர்களிலே மற்றொரு செல்வம் மங்கிக் கிடப்பதையும் கண்டார். கொல்லரும் தச்சரும் நெசவாளரும் அரக்குவேலை செய்வாரும் தம் மரபுத்தொழிலைக் கைவிட்டுக் கொண்டிருந்தனர். அந்நிய மோகத்தின் பளபளப்பிலே மயங்கிய நாடு அவர்களை மதியாதிருந்தது. அக்கைவினைகளைத் துணைவியார் எதெல் படம்பிடிக்க, அவர் ஆராய்ந்தெழுதிய சிங்களக் கலைநூல் 1908 இல் வெளிவந்தது. 1917 இற் பொஸ்ரன் நுண்கலைக் காட்சிச்சாலையிற் பணியேற்று, 1947 இல் அமெரிக்காவிலேயே மறையும்வரை கீழைக் கலையின் உட்பொருளை உலகுக்கு விளக்கினார்.

துறை மாறினும் நோக்கு மாறிற்றிலர். துருவின் கீழே பொன்னைத் தேடுவது நிலவியலார் இயல்பு. வறுமையால் மங்கிய குடிசைப் பட்டறையிலே நாட்டின் உயிரைக் கண்டது அவர் பெருமை. நம் மாணாக்கர் அவரிடம் கற்கத்தக்கது அக்கண்ணையே.