கணினி தவறவிட்ட பகா எண்

பாலிடெக்னிக் முதலாண்டில், ஓர் எண் பகா எண்ணா என்று சொல்லும் நிரல் ஒன்றை எழுதினேன். சின்ன எண்களுக்குச் சரியாகவே விடை வந்தது. 2147483647 என்று கொடுத்தேன். வெகுநேரம் ஓடிவிட்டு, பகா எண் அல்ல என்றது.

அது பகா எண்தான். 1772இலேயே அதை நிறுவியவர் லியோன்ஹார்ட் ஆய்லர். அப்போது அவருக்குப் பார்வை கிட்டத்தட்ட இல்லை.

ஆய்லர் 1707இல் சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் பிறந்தார். தந்தை பாதிரியார்; மகனும் பாதிரியாராக வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் சனிக்கிழமை பிற்பகல்களில் ஜோஹான் பெர்னூலியிடம் சந்தேகம் கேட்கப் போன பையன் கணிதத்தோடு ஒன்றிவிட்டான். 20 வயதில் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். முப்பதைத் தாண்டியதும் வலக்கண் போயிற்று. பெர்லினில் 25 ஆண்டுகள் இருந்துவிட்டு 1766இல் ரஷ்யா திரும்பினார். பிறகு இடக்கண்ணிலும் புரை விழுந்தது. 1771இல் செய்த அறுவைச் சிகிச்சையின் பலன் நிலைக்கவில்லை. அதே ஆண்டு வீடும் தீக்கிரையானது. அவர் சொல்லச் சொல்ல மகனும் உதவியாளர்களும் எழுதினார்கள்.

31 இரண்டுகளைப் பெருக்கி 1ஐக் கழித்தால் 2147483647. இதைப் பகா எண் என்று 1644இல் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி பட்டியலிட்டிருந்தார், நிரூபணம் தரவில்லை. சோதிக்க வேண்டுமானால், வர்க்கமூலமான 46340 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். அவை 4792.

ஆய்லர் உடனே வகுக்க உட்காரவில்லை. எவற்றால் வகுபடவே முடியாது என்று முதலில் பார்த்தார். இதை மீதியின்றி வகுக்கும் பகா எண் ஒன்று இருந்தால், அதை 62ஆல் வகுக்கும்போது மீதி 1 வர வேண்டும். 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7. இரண்டையும் சேர்த்தால், 248ஆல் வகுக்க மீதி 1 அல்லது 63. இந்தச் சல்லடையில் தங்கும் பகா எண்கள் நூறுக்கும் குறைவு. முதலாவது 311. வகுத்துப் பாருங்கள், 35 மிஞ்சும். எதுவும் மீதியின்றி வகுக்கவில்லை.

இதே வழியில்தான் 1732இல், 25 வயதில், ஃபெர்மா பகா எண் என்று நம்பிய 4294967297ஐ அவர் உடைத்தார். அதன் பகாக் காரணிகளை 64ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும் என்று கண்டு தேடியபோது 641 அகப்பட்டது.

என் நிரலின் பிழையும் பிறகு புரிந்தது. நான் ஒதுக்கிய 32 பிட் இடத்தில் அடங்கும் மிகப் பெரிய எண்ணே 2147483647தான். 46341இன் வர்க்கம் அதை மீறுவதால் கழித்தல் எண்ணாகிவிட, எங்கே நிறுத்துவது என்று நிரலுக்குத் தெரியவில்லை. கடைசியில் அந்த எண்ணை அதனாலேயே வகுத்து, மீதி இல்லை என்று தீர்ப்பு எழுதிவிட்டது! கணினி இருக்கிறதே என்று நான் எதையும் சலிக்கவில்லை. எல்லாவற்றாலும் வகுக்கச் சொல்லியிருந்தேன்.

ஆய்லர் 1783 செப்டம்பர் 18 வரை கணக்கை விடவில்லை. அன்று, புதிதாகக் கண்டறியப்பட்டிருந்த யுரேனஸ் கோளின் பாதையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் மயங்கி விழுந்தார். சில மணி நேரத்தில் உயிர் பிரிந்தது.