புரூஸ் மெக்லாரனும் ஒரு பழைய ஆஸ்டின் செவனும்

மெக்லாரன்னு சொன்னதும் உங்க கண்ணு முன்னாடி என்ன வருது? ஆரஞ்சு கலர் ஃபார்முலா ஒன் கார். இல்லன்னா ரீல்ஸ்ல யாரோ கதவை மேல தூக்கித் திறக்கிற சூப்பர் கார். சரிதான். ஆனா அது முதல்ல ஒரு மனுஷனோட பேரு. நம்மள மாதிரியே இன்ஜினியரிங் படிக்கச் சேர்ந்து, டிகிரி வாங்காமலே கிளம்பிப் போனவர். 32 வயசுல இறந்தும் போயிட்டார்.

இவரைப் பத்தி நான் தேடிப் படிச்சதுக்குக் காரணம் ஒரு பிரேக். எங்க டீம் பக்கி வண்டியில பிரேக் பெடலை மிதிச்சா பஞ்சு மாதிரி உள்ளே போகும். மூணு ராத்திரி காற்றை வெளியேத்தினோம். மறுநாள் காலைல பார்த்தா திரும்பவும் பஞ்சு. கடைசியில என்னன்னா, பழைய செப்பு வாஷரையே திரும்பப் போட்டு டைட் பண்ணியிருக்கோம், அதுல கசிஞ்சுகிட்டே இருந்திருக்கு. டீக்காசை விடக் கம்மியான ஒரு வாஷர்! அந்தக் கடுப்புல உட்கார்ந்திருந்தப்பதான் இவர் கதை கண்ணுல பட்டது.

புரூஸ் பிறந்தது 1937 ஆகஸ்ட் 30, நியூசிலாந்தோட ஆக்லாந்து நகரத்துல. அப்பா லெஸ், அம்மா ரூத். ரெமுவேரா பகுதியில அவங்களுக்கு ஒரு பெட்ரோல் பங்க், கூடவே ஒர்க்‌ஷாப். லெஸ் போருக்கு முன்னாடி மோட்டார் சைக்கிள் ரேஸ் ஓட்டினவர். அதனால பையன் கிரீஸ் வாசனையிலதான் வளர்ந்தான். 9 வயசுல இடுப்புல வலி. பெர்த்தஸ் நோய்னு கண்டுபிடிச்சாங்க. தொடை எலும்போட மேல் முனைக்கு ரத்தம் சரியாப் போகாம எலும்பு நொறுங்குற நோய் அது. அன்னைக்கு இருந்த வைத்தியம், அசையாம படுக்க வைக்கிறது. காலை ஒரு சட்டத்துல கட்டி, வருஷக்கணக்குல படுக்கையிலேயே இருந்தான். ஓடி விளையாட வேண்டிய வயசு! எழுந்து நடந்தப்ப இடது கால் குட்டையாகி இருந்தது. கடைசி வரைக்கும் கொஞ்சம் நொண்டித்தான் நடந்தார்.

இப்ப நம்ம கார் வருது. லெஸ் ஒரு நாள் ஒரு ஆஸ்டின் செவன் அல்ஸ்டரை வாங்கிட்டு வந்தார். காரா வரல, கழட்டிப் போட்ட பாகங்களா வந்தது. ஆஸ்டின் செவன் இங்கிலாந்தோட குட்டிக் கார், இன்ஜின் வெறும் 747 சிசி, நம்ம மாருதி 800-ஐ விடச் சின்னது. அதோட ரேஸ் வகைதான் அல்ஸ்டர். அப்பாவும் பையனும் மாசக்கணக்குல உட்கார்ந்து அதை ஒண்ணு சேர்த்தாங்க. சேர்த்து முடிச்சதும் லெஸ் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தார். அரண்டு போய்த் திரும்பி வந்தார். இது ஆபத்தான வண்டி, வித்துடலாம்னு முடிவே பண்ணிட்டார். ரேஸ் ஓட்டின மனுஷனே அப்படி முடிவு பண்ணினா வண்டி எப்படி இருந்திருக்கும்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க.

அவர் பயந்ததுலயும் நியாயம் இருக்கு. அந்தக் கார்ல பிரேக் முழுக்கக் கேபிள்லதான் வேலை செய்யும். ஒரு சக்கரத்துக் கேபிள் கொஞ்சம் நீண்டாலும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். அதைச் சரி பண்ணினா இன்னொரு பக்கம் இழுக்கும். பின் ஸ்பிரிங் அமைப்பு இன்னும் மோசம். வளைவுல உடம்பு சாயும்போது பின் ஆக்ஸிலும் லேசாத் திரும்பும். அதாவது நீங்க ஸ்டியரிங்கைத் திருப்பினா, உங்களைக் கேட்காம பின் சக்கரமும் கொஞ்சம் ஸ்டியரிங் பண்ணும்! இதுல நீங்க இன்ஜின் பவரை வேற ஏத்தினீங்கன்னா, இதுவரைக்கும் சமாளிச்ச பிரேக் பத்தாமப் போகும். பழுது பார்த்து முடிச்சாச்சுன்னு சொல்லவே முடியாத வண்டி.

பையன் மட்டும் விக்க விடல. கெஞ்சி அதைத் தன்கிட்டயே வச்சுக்கிட்டான். வீட்டுப் பின்பக்கம் பழ மரங்களைச் சுத்தி எட்டு வடிவத்துல ஒரு பாதை போட்டு அதுலயே ஓட்டிப் பழகினான். ஓட்டுறது, ஒண்ணு கெடுறது, கழட்டுறது, மாட்டுறது, திரும்ப ஓட்டுறது. அப்ப அங்கே 15 வயசுலயே லைசென்ஸ் கிடைச்சது. அந்த வயசுலயே முரிவாய் மலையேற்றப் பந்தயத்துல இதே அல்ஸ்டரைக் கொண்டு போய் நிறுத்தினான்.

அடுத்த சில வருஷத்தை வேகமாத் தாண்டிடறேன். ஆக்லாந்துல இன்ஜினியரிங் சேர்ந்தார். 1958-ல நியூசிலாந்து ரேஸ் அமைப்பு ஒரு இளைஞரை ஐரோப்பாவுக்கு அனுப்புற உதவித்தொகை கொடுத்தது, இவருக்குக் கிடைச்சது. படிப்பை விட்டுட்டுக் கிளம்பிட்டார். அப்ப அவருக்கு 20. (நம்ம வீட்ல சொல்லிப் பாருங்களேன், ஃபைனல் இயர்ல!) இங்கிலாந்துல கூப்பர் டீம். 1959 டிசம்பர் 12, அமெரிக்காவோட செப்ரிங்ல கடைசி ரேஸ். முன்னாடி போன டீம் தலைவர் ஜாக் பிராபாம் கடைசி லேப்ல பெட்ரோல் தீர்ந்து நின்னுட்டார். புரூஸ் தாண்டிப் போய் ஜெயிச்சார். பிராபாம் காரைத் தள்ளிக்கிட்டே வந்து நாலாவதா கோட்டைத் தொட்டு உலக சாம்பியன் ஆனார். புரூஸுக்கு அன்னைக்கு 22 வயசு. 2003-ல ஃபெர்னாண்டோ அலோன்சோ வர்ற வரைக்கும், அந்த வயசுல ஃபார்முலா ஒன் கிராண்ட் பிரி ஜெயிச்ச வேற ஆள் இல்ல.

1963-ல தன் பேர்லயே டீம் ஆரம்பிச்சார். அங்கே நடந்த ஒரு விஷயம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஒரு புது காரை டெஸ்ட் பண்ணிக்கிட்டு இருக்கார். முன்னாடி பெட்ரோல் ஊத்துற இடத்து மூடி சரியாப் பூட்டாம படபடன்னு அடிக்குது. முதல்ல அவருக்கும் எரிச்சல்தான், எவன்டா இதைச் சரியா மூடலன்னு. அப்புறம்தான் ஒரு சந்தேகம். வேகம் கூடக் கூடக் காற்று அந்த மூடியை அமுக்கித்தானே வைக்கணும்? இது ஏன் இன்னும் அதிகமா எம்பிக் குதிக்குது? அப்படின்னா உள்ளே அழுத்தம் அதிகம், ரேடியேட்டர் வழியா வந்த காற்று வெளியே போக வழி இல்லாம மாட்டிக்கிட்டு இருக்கு. பிட்டுக்கு வந்தார், தகரம் வெட்டுற கத்திரியை எடுத்தார், ரேடியேட்டருக்குப் பின்னாடி பாடியையே வெட்டி ஓட்டை போட்டார். திரும்ப ஓட்டினா நேரம் உடனே குறைஞ்சது. நாங்களா இருந்தா மூடி மேல டேப் ஒட்டிட்டுப் போயிருப்போம், சத்தியமா.

1966-ல கிறிஸ் ஏமனோட சேர்ந்து ஃபோர்டு கார்ல லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயிச்சார். 1968-ல பெல்ஜியத்துல, தன் பேர் போட்ட கார்லயே கிராண்ட் பிரி ஜெயிச்சார். வட அமெரிக்காவுல கேன்-ஆம்னு ஸ்போர்ட்ஸ் கார் பந்தயத் தொடர் நடக்கும். 1969-ல அதுல இருந்த 11 ரேஸையும் மெக்லாரன் கார்கள்தான் ஜெயிச்சது. புரூஸ் 6, கூட்டாளி டென்னி ஹல்ம் 5. இவ்வளவு ஆன பிறகும் புதுக் காரை முதல்ல ஓட்டிப் பார்க்கிற வேலையை அவர் வேற யார்கிட்டயும் முழுசா விடல.

1970 ஜூன் 2. இங்கிலாந்து குட்வுட் டிராக். புது கேன்-ஆம் கார் எம்8டி. நேர் பாதையில வேகமாப் போயிட்டு இருக்கும்போது பின்பக்க பாடி கழண்டு பறந்தது. அந்த பாடிதான் காற்றை வச்சுப் பின் சக்கரத்தைத் தரையோட அமுக்கிப் பிடிக்கும். அது போன உடனே கார் சுழன்று பக்கத்துல இருந்த காவல் மேடையில மோதியது. புரூஸ் அங்கேயே இறந்துட்டார். ஒரு மூடி படபடன்னு அடிச்சதுல இருந்து காற்றைப் படிச்ச மனுஷன் இப்படிப் போனதை எனக்கு இன்னும் சரியா ஏத்துக்க முடியல.

மறுநாள் யாரும் வேலைக்கு வர வேண்டாம்னு டீம்ல சொன்னாங்க. எல்லாரும் வந்துட்டாங்க. 12 நாள் கழிச்சு கனடாவுல மோஸ்போர்ட் ரேஸ். அதே எம்8டி வகைக் காரை ஓட்டி டான் கர்னி ஜெயிச்சார். டென்னி ஹல்ம், முந்தின மாசம் இண்டியானாபொலிஸ்ல தீயில வெந்த கைகளோட அதே ரேஸை ஓட்டி முடிச்சார். அந்த அல்ஸ்டர் இன்னும் இருக்கு, வோகிங்ல இருக்கிற மெக்லாரன் தலைமை இடத்துல.

இதைப் படிச்ச அன்னைக்கு ராத்திரியே ஒர்க்‌ஷாப் போய் எங்க பக்கியோட பின் பேனல் க்ளிப்பை எண்ணிப் பார்த்தேன். 6 இருக்கணும், 5 தான் இருந்தது. ஆறாவதை யாராவது எடுத்து வச்சிருந்தா தயவுசெஞ்சு கொண்டு வந்து கொடுத்துடுங்க. சனிக்கிழமை டெஸ்ட் ரன் இருக்கு.