பி.டி. மாஸ்டர்களுக்கெல்லாம் மாஸ்டர்

நண்பர்களே, ஆண்டு மலர் என்றதும் ஆளுக்கொரு கவிதையோடு ஓடி வந்துவிட்டீர்கள். நான் ஒரு டிரில் மாஸ்டரைப் பற்றி எழுதுகிறேன். கோபப்படாமல் படியுங்கள்!

பள்ளியில் எங்கள் பி.டி. மாஸ்டர் விடியற்காலையில் மலைக்கோயிலின் 365 படிகளிலும் எங்களை ஓடவிடுவார். மூச்சு வாங்கி உட்கார்ந்தால், தான் படித்த நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியின் கதையைத் தொடங்குவார். அப்படித்தான் ஹாரி குரோ பக் என்ற பெயரை முதன்முதலில் கேட்டேன்.

பக் பிறந்தது 1884இல், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில். (நம்ம ஊர் டாக்டர் ராதாகிருஷ்ணனுக்கு நாலு வயது மூத்தவர்.) படித்தது ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியில். 1891இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித், கூடையை மாட்டி பாஸ்கெட்பால் விளையாட்டைக் கண்டுபிடித்தாரே, அதே இடம்! 1919இல் இந்தியா வந்தார். அடுத்த வருடமே சென்னையில் உடற்பயிற்சி ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பள்ளியைத் தொடங்கிவிட்டார். மாணவர்கள் எத்தனை பேர் தெரியுமா? ஐந்தே பேர். பாடம் நடத்த அவரும் மனைவி மேரியும். நம்ம ஒர்க்‌ஷாப்பில் ஒரு லேத்தைச் சுற்றி நிற்கிற கூட்டம்கூட அங்கே இல்லை. அந்தப் பள்ளிதான் பின்னால் அடையாற்றங்கரையில் பரந்த மைதானங்களோடு கல்லூரியாக வளர்ந்தது.

ஓட்டம், தாண்டுதல், பாஸ்கெட்பால், வாலிபால் என்று எல்லாமே அவர் கையில். ஆனால் கெட்டிக்காரப் பையனை மட்டும் பொறுக்கியெடுத்துக் கப் வாங்குவது அவர் நோக்கமில்லை. வகுப்பில் இருக்கிற அத்தனை பேரும் மைதானத்தில் இறங்கணும் என்பதே அவர் கட்சி. விளையாட்டு விதிகளை அச்சுப் புத்தகமாகவும் தொகுத்தார். அதற்கு முன் ஊருக்கு ஒரு விதி, சண்டைக்குப் பஞ்சமா?

1924இல் பாரிஸ் ஒலிம்பிக்ஸ். இந்தியத் தடகள அணியை அழைத்துப் போனவர் பக்தான். கண்ணூரில் பிறந்த சி.கே. லட்சுமணன் தடை ஓட்டத்தில் ஓடினார். பதக்கம் ஒன்றுகூட வரவில்லை. அதற்காக பக் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பிவிடவில்லை. டாக்டர் நோரனோடு சேர்ந்து மாகாணம் மாகாணமாக விளையாட்டுச் சங்கங்கள் அமைக்க உழைத்தார். 1927இல் தோராப்ஜி டாட்டா தலைமையில் இந்திய ஒலிம்பிக் சங்கம் பிறந்ததில் இவர்கள் இருவருக்கும் பெரிய பங்கு உண்டு.

1943இல் சென்னையிலேயே காலமானார். வயது 58தான். அவரிடம் படித்தவர்கள் ஊர் ஊராகப் போய்ப் பள்ளிகளில் விசில் ஊதினார்கள். அவர்களிடம் படித்தவர்களின் வரிசையில் எங்கோ ஒருவர்தான் எங்கள் மாஸ்டர்.

அந்த மாஸ்டரின் பீரியடைப் பரீட்சை வந்தால் கணக்கு வாத்தியார் பிடுங்கிக்கொள்வார். நாங்களும் வாயைத் திறந்ததில்லை. மாஸ்டர் மட்டும் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வகுப்பு வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவார். பக் கதை முழுதாகத் தெரிந்த பிறகுதான் அந்த முகம் எனக்கு அடிக்கடி ஞாபகம் வருகிறது.