உப்பெடுத்த அம்மையார்

நாடகமேடையில் வீரமகளிரைக் காட்ட விழைவோர் பெரும்பாலும் வாளேந்திய அரசியரையே தேர்வர். அது தக்கதே. ஆயினும் வாளேந்தாது, ஆங்கில அரசின் வரியொன்றை எதிர்த்து நின்ற ருக்மிணி லட்சுமிபதி அம்மையாரின் வரலாறும் மேடையேறத் தக்கதென்றே யாம் கருதுகின்றோம்.

அம்மையார் 1892ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 6ஆம் நாள் பிறந்தார். ஆயுர்வேத மருத்துவத்திற் பெயர்பெற்ற டாக்டர் ஆசண்ட லட்சுமிபதியவர்களை மணந்தார். 1923இல் காங்கிரஸ் மகாசபையிற் சேர்ந்தார். 1926இல் பாரிஸ் நகரிற் கூடிய பெண்கள் வாக்குரிமை மகாநாட்டிற்கும் சென்று வந்தார்.

அந்நாளில் உப்பு விளைத்தல் அரசாங்கத்தின் தனியுரிமை. ஏறத்தாழ 82 இராத்தல் உப்பிற்கு 1 ரூபாய் 4 அணா வரி. செல்வர்க்கு இது சிறிது, ஏழையர்க்கோ பெருஞ்சுமை. கடலையே கண்டிராத கல்வராயன் மலை உழவனும் தன் கூழிலிட்ட உப்பிற்கு வரி செலுத்தியவனாவான். அடுப்படியிற் புகுந்த வரியாதலின், அதன் கொடுமையை நாடோறும் உணர்ந்தவர் மகளிரே.

ஆயினும், 1930 மார்ச்சு 12ஆம் நாள் காந்தியடிகள் தண்டிக்குப் புறப்பட்டபோது, தேர்ந்தெடுக்கப்பெற்ற 78 தொண்டருள் ஒரு பெண்ணும் இலர். இது மகளிர் சங்கத்தார்க்கு மனக்குறையாயிற்று. தமிழகத்தில் ராஜாஜி ஏப்ரல் 13ஆம் நாள் திருச்சிராப்பள்ளியினின்று ஏறத்தாழ நூறு தொண்டருடன் புறப்பட்டு, வேதாரணியம் சேர்ந்து, 30ஆம் நாள் உப்பெடுத்துச் சிறைப்பட்டார். தலைவர் சிறைபுகுந்தும் அறப்போர் ஓயவில்லை. அம்மையாரும் அக்கடற்கரையில் உப்புச் சட்டத்தை மீறி, ஓராண்டுச் சிறைத்தண்டம் பெற்றார். வேதாரணியப் போரிற் சிறைபுகுந்த முதற் பெண்மணி அவரே.

சட்டத்தை மீறிச் சிறைபுக்கவர் பின்னர்ச் சட்டமியற்றும் மன்றத்திலே அமர்ந்தார். 1937இல் சென்னைச் சட்டசபையின் உபதலைவரானார். 1946இல் பிரகாசம் அவர்களின் மந்திரிசபையிற் சுகாதார மந்திரியானார். சென்னை மாகாணத்தில் அப்பதவி பெற்ற பெண்மணி அவரொருவரே. உப்புவரி 1947இல் ஒழிந்தது. அதனைக் கண்டு, 1951 ஆகஸ்டு 6ஆம் நாள் அம்மையார் மறைந்தார். சென்னை எழும்பூரில் மார்ஷல் சாலையெனப்பட்டது இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

இவ்வரலாற்றை நடிக்கப் பொன்முடியும் பட்டாடையும் வேண்டா. கதருடையும் ஒரு கைப்பிடி உப்பும் போதும். வருமாண்டிலேனும் நம் நாடகக் குழுவினர் இதனை எண்ணுவாராக. நாடோறும் நம் இலையில் இடப்பெறும் அச்சிறு பொருளுக்காகச் சிறை சென்றோர் உளர் என்பதைக் காண்போர் நெஞ்சில் நிறுத்துதல் சிறுபணி அன்று.