சாயத்தின் சூட்சுமம் அறிந்த தமிழர் – பேராசிரியர் கே. வெங்கட்ராமன்

தீபாவளிக்குச் சேலை எடுக்கப் போனால் நம் வீட்டுப் பெண்கள் முதலில் கேட்பது விலையை அல்ல. சாயம் போகுமா, கெட்டிச் சாயமா என்றுதான் கேட்பார்கள். ஒரு தடவை துவைத்து வாளித் தண்ணீர் சிவந்து போனால் மாதச் சம்பளத்திலே ஒரு பகுதி சாக்கடையில் போன மாதிரி. அந்தச் சாயம் எதனால் நூலோடு ஒட்டுகிறது, எதனால் கழன்று ஓடுகிறது என்பதை வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த ஒரு தமிழரைப் பற்றி இந்த வாரம் பார்ப்போம். உலகத்துச் சாய ஆராய்ச்சிக்காரர்கள் பக்கத்திலே வைத்துக்கொண்டு புரட்டிய பெரிய நூலை எழுதியவர் அவர். பெயர் கிருஷ்ணசாமி வெங்கட்ராமன்.

அவர் கதைக்கு முன்னால் அவுரியின் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பால்மரத்தை நம்பி மூன்று தலைமுறை வாழ்ந்த நமக்கு அது விளங்காமல் போகாது.

நீலச் சாயம் ஒரு காலத்திலே அவுரிச் செடியிலிருந்துதான் வந்தது. வங்காளம், பீகார் மட்டுமல்ல, நம் பாட்டன்மார் பலர் கப்பல் ஏறிய தென்னாற்காடு மாவட்டத்திலும் அவுரி பயிராயிற்று. வெள்ளைக்காரத் துரைமார் குடியானவனின் நிலத்தில் இருபதில் மூன்று பங்கு கட்டாயம் அவுரி போட வேண்டும் என்று பீகாரிலே சட்டம் பேசினார்கள். 1856-இல் பெர்க்கின் என்ற ஆங்கில இளைஞர் தாரிலிருந்து ஊதாச் சாயம் எடுத்தார். அதற்குப் பிறகு ஜெர்மன் இரசாயனக்காரர்கள் இறங்கினார்கள். 1897-இல் நீலத்தையே தொழிற்சாலையில் செய்து சந்தைக்கு அனுப்பினார்கள். அவுரி விலை படுத்துவிட்டது.

நஷ்டம் யார் தலையிலே விழுந்தது? துரைமார் தலையில் விழவில்லை. அவுரிக் கட்டாயத்திலிருந்து உன்னை விடுவிக்கிறேன், அதற்குப் பதிலாக வாரத்தைக் கூட்டிக் கொடு, இல்லாவிட்டால் நஷ்டஈட்டைக் கட்டு என்று குடியானவனிடமே வாங்கினார்கள். காந்தியடிகள் 1917-இல் சம்பாரண் போனது இந்த வழக்குக்காகத்தான். 1918-இல் சட்டம் வந்து அந்தக் கட்டாய முறை ஒழிந்தது.

சாய விஞ்ஞானத்தால் அடிபட்ட அந்த நாட்டிலேதான், அந்த விஞ்ஞானத்தைக் கரைத்துக் குடித்த ஒருவர் பிறந்தார். சென்னையிலே 1901-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் தேதி வெங்கட்ராமன் பிறந்தார். படித்த குடும்பம்தான். நம் லயத்துப் பிள்ளைகள் பட்ட கஷ்டம் அவர் பட்டவர் அல்லர். அதை மறைக்க வேண்டியதில்லை. சென்னை மாநிலக் கல்லூரியிலே இரசாயனத்தில் எம்.ஏ. முடித்து இங்கிலாந்தில் மான்செஸ்டருக்குப் போனார்.

மான்செஸ்டர் என்றால் பஞ்சாலை நகரம். இந்தியாவின் பருத்தியை வாங்கி, நெய்து, சாயம் ஏற்றி, திரும்ப இந்தியாவுக்கே விற்ற ஊர். இங்கே அந்நியத் துணியை வேண்டாம் என்று ஜனங்கள் ஒதுக்கிய அதே ஆண்டுகளில், அந்தத் துணிக்கு நிறம் கொடுக்கும் வித்தையை அந்த ஊரிலேயே உட்கார்ந்து அவர் கற்றார். அவருக்கு ஆசானாக வாய்த்தவர் ராபர்ட் ராபின்சன். 1947-இல் நோபல் பரிசு பெற்ற மேதை அவர்.

படிப்பு முடிந்ததும் வெங்கட்ராமன் அங்கேயே தங்கிவிடவில்லை. நாடு திரும்பினார். சில காலம் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் இருந்துவிட்டு, லாகூரில் உள்ள போர்மன் கிறிஸ்துவக் கல்லூரியிலே ஆசிரியரானார். லாகூர் அப்போது ஒன்றுபட்ட இந்தியாவில் இருந்தது. 1947-இல் பாகிஸ்தானுக்குப் போனது.

அந்தக் கல்லூரியிலே இருந்துதான் அவர் பெயர் உலகப் பாடப் புத்தகத்தில் ஏறியது. பூவிலும் இலையிலும் மரக்கட்டையிலும் உள்ள மஞ்சள் நிறப் பொருள்களில் ஒரு பெரிய குடும்பம் உண்டு. பிளேவோன் என்று பெயர். இதைச் செயற்கையாகச் செய்ய ஒரு குறுக்கு வழியை அவரும் அவரது மாணவரும் கண்டார்கள். சுருக்கமாகச் சொன்னால் இப்படி: ஒரு பொருளில் காரத்தைச் சேர்த்தால், அதில் தொங்கிக் கொண்டிருந்த ஒரு துண்டு கழன்று, அதே பொருளுக்குள்ளேயே பக்கத்து இடத்தில் போய் ஒட்டிக் கொள்கிறது. அப்புறம் அமிலம் விட்டால் திறந்திருந்த முனை வளையமாக மூடிக் கொள்கிறது. பிளேவோன் தயார். பாலிலே அசிட் விட்டால் உறைந்து கட்டியாவதை நாம் ஸ்டோரில் பார்த்தவர்கள்தானே? என்ன சேர்க்கிறோம், எப்போது சேர்க்கிறோம் என்பதிலே எல்லாம் அடங்கியிருக்கிறது. அதே சமயத்தில் இங்கிலாந்தில் வில்சன் பேக்கர் என்பவரும் இதைத் தனியாகக் கண்டார். ஆகவே இருவர் பெயரையும் சேர்த்து பேக்கர் – வெங்கட்ராமன் மாற்றம் என்று இன்றும் பல்கலைக்கழகங்களில் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

1934-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. அங்கே இரசாயனத் தொழில்நுட்பத் துறை தொடங்கி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. பம்பாய் முழுக்கப் பஞ்சாலை. ஆனால் ஆலையிலே ஊற்றுகிற சாயம் பெரும்பாலும் ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் சுவிட்சர்லாந்திலும் இருந்து வந்தது. பருத்தி நம்முடையது, உழைப்பு நம்முடையது, நிறம் மட்டும் அடுத்தவனுடையது. முதல் உலகப் போரிலே ஜெர்மன் சாயம் வராமல் நின்றபோது இந்த நிலைமையின் கசப்பை எல்லோரும் கண்டார்கள். 1938-இல் வெங்கட்ராமன் அந்தத் துறைக்கே தலைவரானார். அந்தப் பதவியில் அமர்ந்த முதல் இந்தியர் அவர்தான்.

அங்கே அவர் செய்த பெரிய வேலை ஆள்களை உருவாக்கியதுதான். புத்தகத்தை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறவனை அல்ல, குப்பியிலே இருக்கும் சாயத்தைப் பிரித்து அது என்ன, எப்படிச் செய்தது என்று சொல்லக் கூடியவனை உருவாக்கினார். சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியாவிலே சாயத் தொழிற்சாலைகள் எழும்பின. அவற்றில் பொறுப்பான வேலையில் அமர்ந்தவர்களில் பலர் அந்தத் துறையில் படித்தவர்கள்.

1952-இல் அவருடைய பெருநூல் இரண்டு தொகுதிகளாக நியூயார்க்கில் வெளிவந்தது. செயற்கைச் சாயங்களின் இரசாயனம் என்பது அதன் பொருள். சாயத் தொழிலின் இரகசியங்கள் அதுவரை பெரும்பாலும் கம்பெனிகளின் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தன. காப்புரிமைப் பத்திரங்களிலே மறைத்து மறைத்து எழுதியிருப்பார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி தோற்றபின் அந்தத் தொழிற்சாலைக் குறிப்புகள் அறிக்கைகளாக வெளியே வந்தன. சிதறிக் கிடந்த அவற்றை எல்லாம் திரட்டி, சரிபார்த்து, ஒழுங்குபடுத்திக் கொடுத்தார் வெங்கட்ராமன். ரஷ்ய மொழியிலும் அந்நூல் பெயர்க்கப்பட்டது. அவுரிக்காரன் நாட்டிலே பிறந்தவர் எழுதியதை மற்ற நாட்டவர் பாடமாகப் படித்தார்கள்.

1957-இல் பூனாவில் உள்ள தேசிய இரசாயன ஆராய்ச்சிக்கூடத்துக்கு இயக்குநரானார். 1950-இல் நேரு திறந்து வைத்த கூடம் அது. முதல் இரண்டு இயக்குநர்களும் வெளிநாட்டவர்கள். மூன்றாவதாக வந்த வெங்கட்ராமன்தான் முதல் இந்தியர். 1961-இல் பத்மபூஷண் விருது கிடைத்தது. 1966 வரையில் அந்தப் பொறுப்பில் இருந்தார். அவருக்குப் பின் அந்த நாற்காலியில் அமர்ந்த பி.டி. திலக், பம்பாயிலே அவரிடம் படித்தவர்.

அங்கே அவர் கவனம் மறுபடியும் இயற்கைச் சாயங்கள் பக்கம் திரும்பியது. மரக்கிளையிலே ஒட்டி வாழும் சின்னஞ்சிறு பூச்சி தருவது அரக்கு. அதன் சிவப்புச் சாயம் நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருந்தாலும் அதன் உள்ளமைப்பு சிக்கலாகவே இருந்தது. வெங்கட்ராமனும் அவரோடு இருந்த இளைஞர்களும் அந்தச் சிக்கலை அவிழ்ப்பதில் பெரும்பங்கு ஆற்றினார்கள். பலா மரத்தையும் அவர் விடவில்லை. நம் வீட்டுக்குப் பின்னால் நிற்கிற அதே பலாதான். அதன் வைரக் கட்டையைச் சீவி வேகவைத்தால் மஞ்சள் சாயம் இறங்கும். புத்த பிக்குகளின் ஆடைக்கு அந்தச் சாயம் ஏற்றுவது பழைய வழக்கம். பலா, முசுக்கட்டை இனத்து மரங்களின் கட்டையில் என்னென்ன நிறப் பொருள்கள் இருக்கின்றன என்று பட்டியல் போட்டு ஆராய்ந்தவர்களில் அவர் முக்கியமானவர்.

ஓய்வு என்று வந்த பிறகும் அவர் ஓயவில்லை. பல நாட்டு நிபுணர்களைச் சேர்த்துக் கொண்டு தம் நூலை மேலும் வளர்த்தார். 1970-இல் மூன்றாம் தொகுதி வந்தது. 1978-இல் எட்டாம் தொகுதி வந்தது. நைலான், பாலியெஸ்டர் என்று புதிய நூல்கள் சந்தையை நிறைத்த காலம் அது. அவை தண்ணீரை அதிகம் உறிஞ்சாத நூல்கள், பழைய சாயங்களில் பல சரியாகப் பிடிக்காது. அதற்குத் தனிச் சாயம் வேண்டும். பருத்திக்கோ 1956-இல் வந்த புதுவகைச் சாயம் நூலோடு இரசாயன முறையில் கட்டிப் பிடித்துக் கொள்ளும். நம் நாட்டுப் பாத்திக் துணியிலே தூரிகையால் எழுதும் பளிச்சென்ற நிறங்களில் பல இந்த வகைதான். இதற்கே ஒரு தொகுதியை ஒதுக்கினார். 1981-ஆம் ஆண்டு மே 12-ஆம் தேதி இயற்கை எய்தினார். வயது எண்பதை எட்டச் சில வாரங்களே இருந்தன.

சரி, நியாலாஸ் பக்கத்திலே செம்பனைக் குலை வெட்டுகிறவருக்கும் பால் வெட்டுகிறவருக்கும் இதிலே என்ன இருக்கிறது?

அவுரிக்கு நடந்தது பால்மரத்துக்கும் நடக்கப் பார்த்தது. 1942-இல் ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்ததும் அமெரிக்காவுக்கு ரப்பர் போகவில்லை. சில ஆண்டுகளுக்குள் அவர்கள் எண்ணெயிலிருந்து இலட்சக்கணக்கான டன் செயற்கை ரப்பர் செய்துவிட்டார்கள். அப்போதும் பால்மரம் அழியவில்லை. ஏன்? ஆகாய விமானச் சக்கரத்துக்கு இன்றும் இயற்கை ரப்பர்தான் தாங்குகிறது என்பது ஒரு காரணம். இன்னொன்று, நம் நாடு கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. 1925-இல் தொடங்கிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் அதிகப் பால் தரும் மர வகைகளைக் கண்டது. 1965-இல் தரம் குறித்து விற்கும் முறை வந்தது. அவுரியின் பின்னால் சரியான நேரத்தில் ஆராய்ச்சி நிற்கவில்லை. ரப்பரின் பின்னால் நின்றது.

ஆனால் ஆராய்ச்சி பயிரைக் காப்பாற்றினாலும் தொழிலாளியைக் காப்பாற்றும் என்று நினைத்துவிடக் கூடாது. விலை விழுந்தால் நஷ்டத்தைக் கீழே தள்ளுவது முதலாளியின் பழைய வழக்கம். சம்பாரணில் வாரமாக வந்தது, தோட்டத்திலே வேலை நாள் குறைவாகவும், மரத்தை வெட்டி நிலத்தை விற்கும்போது லயத்தைக் காலி செய் என்ற கடிதமாகவும் வந்தது. அதற்கு மருந்து ஒற்றுமை. அதைச் சங்கம்தான் கொடுக்க வேண்டும்.

படிப்பும் சங்கமும் கை கோக்க வேண்டிய இடமும் உண்டு. ஜெர்மனியிலே சாயத் தொழிற்சாலைத் தொழிலாளருக்கு மூத்திரப்பையிலே புற்றுநோய் வருவதை 1895-இலேயே ஒரு மருத்துவர் கண்டு சொன்னார். காரணமான பொருள்களை நிறுத்தப் பல பத்தாண்டுகள் பிடித்தன. நம் பக்கத்தில் முதுகிலே தோம்பு சுமந்து புல்லுக்கு மருந்து அடித்த பெண்கள் பாராகுவாட்டால் பட்ட பாடு நமக்குத் தெரியும். 2020 ஜனவரி முதல் தேதிதான் அது இந்நாட்டில் தடை செய்யப்பட்டது. தோம்பிலே இருப்பது என்ன என்று படித்துச் சொல்ல நம் வீட்டிலேயே ஒரு பிள்ளை இருந்தால் நம் கோரிக்கைக்கு எவ்வளவு பலம்!

ஆகவே பெற்றோர்களே, பிள்ளை விஞ்ஞானப் பிரிவு எடுக்க ஆசைப்பட்டால் அது நமக்கு எட்டாது என்று கையைப் பிடித்து இழுக்காதீர்கள். கணக்கிலே தடுமாறினால் ஊரிலே படித்த அண்ணன், அக்காவிடம் மாலையில் உட்கார வையுங்கள். சங்கக் கிளைகளும் கோயில் கமிட்டிகளும் மண்டபத்தில் ஒரு மேசையும் விளக்கும் ஒதுக்கினால் பெரிய உதவி. வெங்கட்ராமன் லாகூர்க் கல்லூரியின் சாதாரண ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்துதான் உலகம் பேசும் காரியத்தைச் செய்தார். அடுத்த தடவை சேலைக்குச் சாயம் பார்க்கும்போது அவர் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.