புலியை இருட்டில் படமெடுத்த சாம்பியன் துரை

பிரேசர் டவுனில் எந்த ஸ்டூடியோவுக்குப் போனாலும் படம் எடுப்பவர் நம்மை முக்காலியில் உட்கார வைத்து, முகத்தை இப்படித் திருப்பு, தோளை இறக்கு என்று பாடாய்ப் படுத்தி, தலைக்கு மேல் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று பார்த்த பிறகுதான் பொத்தானை அழுத்துவார். காட்டில் ராத்திரி நேரம் தன்பாட்டுக்கு நடந்து போகும் புலியிடம் இதையெல்லாம் யார் சொல்வது? நூறு வருடங்களுக்கு முன்பு இதற்கு ஒரு வழி கண்டு, அதில் வெற்றியும் பெற்றவர் எஃப். டபிள்யூ. சாம்பியன் என்ற ஆங்கிலேயர்.

1893-ல் இங்கிலாந்தில் சர்ரே மாவட்டத்தில் பிறந்தவர். தகப்பனார் வண்டுகளை ஆராய்ந்து பேர் வாங்கியவர். அண்ணன் ஹாரி சாம்பியன் இந்தியக் காடுகளை வகை பிரித்துப் புத்தகம் எழுதியவர். வனத்துறையில் இருப்பவர்கள் இன்றும் அந்த வகைப்படிதான் பேசுகிறார்கள். தம்பி 1913-ல் இந்தியாவுக்கு வந்து கிழக்கு வங்காளத்தில் போலீஸ் உத்தியோகம் பார்த்தார். முதல் உலக யுத்தத்தில் ராணுவத்தில் இருந்தார். யுத்தம் முடிந்ததும் ஐக்கிய மாகாணத்தில், அதாவது இன்றைய உத்தரப் பிரதேசம், உத்தராகண்ட் பகுதிகளில், வன அதிகாரியானார்.

அந்தக் காலத்தில் வெள்ளைக்கார அதிகாரி என்றால் புலி சுட வேண்டும். செத்த புலியின் மேல் கால் வைத்துப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். மகாராஜாக்களும் அப்படியே. சாம்பியனுக்கு இதில் மனம் செல்லவில்லை. துப்பாக்கியை வைத்துவிட்டுப் படப்பெட்டியைத் தூக்கினார். யானை மீதிருந்து பகலில் சில படங்கள் எடுத்தார். ஆனால் புலி பெரும்பாலும் இருட்டில் நடமாடும் பிராணி. ஆகவே அவர் கம்பி வைத்தார்.

புலிக்கு உள்ளங்கால் மெத்தென்று இருக்கும். முள்ளும் கல்லும் நிறைந்த புதரைவிட மணல் பாதையும் வறண்ட ஓடையும் அதற்குச் சௌகரியம். அப்படிப்பட்ட வழியில் காலடித் தடத்தைப் பார்த்து, குறுக்கே மெல்லிய கம்பியைக் கட்டி, பக்கத்தில் காமிராவையும் மக்னீசிய வெளிச்சத்தையும் பொருத்தி வைத்துவிட்டுத் திரும்பி விடுவார். புலியின் கால் கம்பியில் பட்டதும் வெளிச்சம் பளீரென்று அடிக்கும், படமும் பதிவாகிவிடும். மருந்து ஒரு முறை எரிந்தால் தீர்ந்தது. மறு வாய்ப்பு அன்று ராத்திரி கிடையாது.

ஆகவே படத்தின் அமைப்பு முழுவதையும், புலி வருவதற்குப் பல மணி நேரம் முன்பே, புலி இல்லாத வெறும் பாதையைப் பார்த்து மனதிலேயே போட்டாக வேண்டும். காமிராவைக் கிட்டத்தில் வைத்தால் தலை மட்டும் வரும், வால் போய்விடும். தள்ளி வைத்தால் வெளிச்சம் எட்டாது. உயரத்தில் வைத்தால் முதுகுதான் தெரியும். புலியின் கம்பீரம் போய்ப் பூனை மாதிரி ஆகிவிடும். அதன் கண் மட்டத்துக்கு இறக்கினால்தான் அது நம்மை நோக்கி வருவது போல இருக்கும். அது போகிற திசையில் கொஞ்சம் வெற்றுப் பாதையும் படத்தில் வேண்டும். இல்லாவிட்டால் சுவரில் முட்டி நிற்பது போலத் தோன்றும். இத்தனையும் சரியாக அமைந்தும் கம்பியை மிதித்தது முள்ளம்பன்றியாக இருந்தால்? அதுவும் நடந்தது. சாம்பியன் அலுத்துக்கொள்ளவில்லை. கரடி, சிறுத்தை, காட்டுப்பூனை எல்லாமே அவருடைய புத்தகங்களில் இடம் பெற்றன.

1925-ல் அவருடைய புலிப் படங்கள் லண்டன் பத்திரிகையில் வெளிவந்தன. காட்டில் சுதந்திரமாகத் திரியும் புலியை இவ்வளவு துல்லியமாக உலகம் அதுவரை பார்த்ததில்லை. 1927-லும் 1934-லும் இரண்டு புத்தகங்கள் எழுதினார். துப்பாக்கி லைசென்சைக் குறைக்க வேண்டும், காட்டுக்குள் மோட்டார் காரை விடக்கூடாது, மிருகங்களைக் கொல்வதற்கு வழங்கும் வெகுமதியைக் குறைக்க வேண்டும் என்று வாதாடினார். ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடிப் புகழ்பெற்ற ஜிம் கார்பெட், இவருடைய படங்களைப் பார்த்துத்தான் தாமும் காமிராவை எடுத்தார். புலியைக் காப்பாற்றியதாகக் கார்பெட் பெயரைச் சொல்கிறோம். சாம்பியன் பெயரைச் சொல்வோர் குறைவு. இது நியாயமில்லை என்பது என் எண்ணம்.

1947-ல் இந்தியாவை விட்டுக் கிழக்கு ஆப்பிரிக்கா போனார். 1970-ல் ஸ்காட்லாந்தில் காலமானார். அதே வருடம்தான் இந்தியாவில் புலி வேட்டைக்குத் தடை வந்தது. 1973-ல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியபோது முதல் ஒன்பது காடுகளில் நமக்குப் பக்கத்து பந்திப்பூரும் ஒன்று.

அவர் கவனித்த இன்னொரு விஷயம் இன்று கர்நாடகத்துக்கு நேரடியாகப் பயன்படுகிறது. நம் கைரேகை போல, ஒரு புலியின் உடம்பு வரி இன்னொன்றுக்கு இராது என்று தம்முடைய படங்களை ஒப்பிட்டே அவர் கண்டார். 1990-களின் தொடக்கத்தில் நாகரஹொளே காட்டில் உல்லாஸ் கரந்த் தானியங்கிக் காமிராக்களை வைத்து, வரியைப் பார்த்துப் புலிகளை எண்ணத் தொடங்கினார். அதற்கு முன்பு காலடித் தடத்தைப் பார்த்து எண்ணுவார்கள். கணக்கு நம்பும்படி இருக்காது. 2022 கணக்கெடுப்பில் கர்நாடகத்துக்கு 563, தமிழ்நாட்டுக்கு 306 என்று வந்த எண்ணிக்கைகளும் இப்படிப்பட்ட படங்களை வைத்துத்தான். பாதையின் இரு பக்கமும் ஒவ்வொரு காமிரா வைக்கிறார்கள். புலியின் இடது விலா வரியும் வலது விலா வரியும் ஒன்று போல இராது. ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் ஒரே புலியை இரண்டாக எண்ணிவிட நேரும்.