பெரிய டாம் மோரிஸ்

கோல்ஃப் விளையாடும் இடத்தை நீங்க பாத்திருக்கீங்களா? காரில் போகும்போது ரோட்டோரமாகப் பெரிய பச்சைப் புல்வெளி தெரியும். நடுவில் சின்னச் சின்னக் கொடிகள் நிற்கும். சில ஊர்களில் ஒரே இடத்தில் இரண்டு, மூன்று கோல்ஃப் மைதானங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒரு விளையாட்டுக்கு எதுக்கு இத்தனை மைதானம்? இதற்குப் பதில் தேடிப் போனால், ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற கடற்கரை ஊருக்கு வந்து சேருவோம். அந்த ஊரில் பிறந்தவர்தான் டாம் மோரிஸ்.

டாம் 1821 ஜூன் 16 அன்று பிறந்தார். பணக்கார வீடு இல்லை. அப்பா தறியில் துணி நெய்தார். ஊருக்குப் பக்கத்தில், கடலோரமாக, மணலும் புல்லும் கலந்த பெரிய நிலம் இருந்தது. அங்கே பல நூறு வருஷமாக மக்கள் கோல்ஃப் விளையாடினார்கள். சின்னப் பிள்ளைகளிடம் பந்து வாங்கக் காசு ஏது? பாட்டிலை மூடுகிற தக்கையில் ஆணி அடித்து, அதையே பந்தாக வைத்துத் தெருவில் விளையாடுவார்கள். டாமும் அப்படித்தான் ஆரம்பித்தார்.

பதினாலு, பதினஞ்சு வயதில் டாம் வேலைக்குப் போனார். ஆலன் ராபர்ட்சன் என்பவர் கோல்ஃப் பந்து செய்தார். அந்தக் காலத்தில் அவரை யாராலும் ஜெயிக்க முடியாது என்று ஊரே சொல்லும். அவரிடம் டாம் தொழில் கற்றுக்கொண்டார்.

அப்போ பந்தை எப்படிச் செய்தார்கள் தெரியுமா? தோலை வெட்டித் தைத்து ஒரு சின்னப் பை செய்வார்கள். அதற்குள் வேகவைத்த வாத்து இறகுகளைத் திணிப்பார்கள். ஒரு பெரிய தொப்பி நிறைய இறகு, ஒரு குட்டிப் பந்துக்குள் போகணும்! கையும் நெஞ்சும் வலிக்க வலிக்கச் செய்தாலும், ஒருவர் ஒரு நாளில் மூன்று நான்கு பந்துகள்தான் செய்ய முடியும். அதனால் பந்தின் விலை ரொம்ப அதிகம். மழையில் நனைந்தால் பந்து கெட்டுப்போகும்.

1848-ஐ ஒட்டி ஒரு புதுப் பந்து வந்தது. மலேசியா பக்கத்துக் காடுகளில் ஒரு மரம் இருக்கு. அந்த மரத்தின் பால் காய்ந்தால் கெட்டியாகிவிடும். அதற்கு கட்டா பெர்ச்சா என்று பெயர். (மலேசியாவில் இருக்கிற பிள்ளைகளுக்கு ரப்பர் மரத்தில் பால் எடுப்பது தெரிஞ்சிருக்கும். இதுவும் கிட்டத்தட்ட அப்படித்தான்.) வெந்நீரில் போட்டால் இளகும். கையால் உருட்டிப் பந்தாக்கி, ஆறவைத்தால் போதும். விலையும் குறைவு.

ராபர்ட்சனுக்கு இந்தப் பந்தைக் கண்டாலே பிடிக்கவில்லை. இறகுப் பந்துதானே அவர் பிழைப்பு! ஒரு நாள் விளையாடும்போது டாமிடம் பந்து தீர்ந்துபோச்சு. கூட விளையாடியவர் ஒரு புதுப் பந்தைக் கொடுத்தார். டாம் அதை அடித்தார். இது ராபர்ட்சனுக்குத் தெரிந்ததும் பெரிய சண்டை. டாம் அவரை விட்டு வெளியே வந்துவிட்டார். நான் இதை முதலில் படித்தபோது, ஒரு பந்துக்காகவா இவ்வளவு கோபம் என்று நினைத்தேன். ஆனால் தொழில் போய்விடுமோ என்று பயந்த மனிதரின் கோபம் அது. பிறகு ராபர்ட்சனும் புதுப் பந்தையே செய்ய ஆரம்பித்தார் என்பது வேற கதை.

1851-ல் டாம் குடும்பத்தோடு நாட்டின் மறுபக்கம் போனார். அங்கே பிரெஸ்ட்விக் என்ற ஊரில் ஒரு புது கிளப். டாம் அங்கே 12 குழிகள் உள்ள மைதானத்தை அமைத்து, அதைப் பராமரித்தார். அந்த இடத்தில்தான் 1860-ல் முதல் ஓபன் போட்டி நடந்தது. மொத்தமே 8 பேர்தான் விளையாடினார்கள். டாமுக்கு இரண்டாம் இடம். ஆனால் 1861, 1862, 1864, 1867 என்று நான்கு முறை அவர் ஜெயித்தார். கடைசியாக ஜெயிக்கும்போது அவருக்கு வயது 46. அதைவிட அதிக வயதில் இன்றுவரை யாரும் அந்தப் போட்டியை ஜெயித்தது இல்லை.

அடுத்த வருஷம் அவரைத் தோற்கடித்தது யார்? அவர் மகன்தான்! மகன் பெயரும் டாம். அதனால் அப்பாவைப் பெரிய டாம் என்றும், மகனை டாமி என்றும் கூப்பிட்டார்கள். 1868-ல் டாமிக்கு 17 வயது. மகன் முதல் இடம், அப்பா இரண்டாம் இடம். 1869-லும் மகனுக்கே முதல் இடம். பெரிய டாமுக்கு வருத்தமா இருந்திருக்குமா? எனக்கு அப்படித் தோணலை.

இதற்குள் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊர் டாமைத் திரும்ப அழைத்திருந்தது. 1864-ல், வருஷத்துக்கு 50 பவுண்ட் சம்பளத்தில், அவர் பழைய மைதானத்தைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டார். கையில் தள்ளுவண்டி, மண்வெட்டி, நிறைய வேலை. முயல்கள் வளை தோண்டும். ஊர்க்காரர்கள் துணி காயப்போடுவார்கள். புல் தேய்ந்து போயிருக்கும். பிரெஸ்ட்விக்கில் ஒரு முறை தள்ளுவண்டி மணல் புல்லில் கொட்டிவிட்டதாம். பிறகு பார்த்தால் அந்த இடத்தில் புல் நல்லா வளர்ந்திருந்ததாம். அதிலிருந்து டாம் புல்லுக்கு மணல் போட்டுக்கொண்டே இருந்தார். இன்றும் உலகம் முழுக்க அப்படிச் செய்கிறார்கள்.

முயலைவிடப் பெரிய பிரச்சினை கூட்டம்தான். பந்து மலிவாச்சு. 1852-லிருந்து ஊருக்கு ரயிலும் வந்தது. விளையாட வருகிறவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். அந்த மைதானமோ ஒடுக்கமானது. போகிறவர்களும் திரும்பி வருகிறவர்களும் ஒரே வழியில்! அதனால் குழியைச் சுற்றி இருக்கும் குட்டைப் புல்தரையைப் பெரிதாக்கி, ஒவ்வொன்றிலும் இரண்டு குழி வெட்டியிருந்தார்கள். போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. இப்பவும் அப்படி 7 புல்தரைகள் இருக்கு. 2-வது குழியும் 16-வது குழியும் ஒரே தரையில். 3-ம் 15-ம் ஒரே தரையில். கூட்டிப் பாருங்க. எப்பவும் 18 வரும்!

டாம் 1870-ஐ ஒட்டி முதல் குழிக்குத் தனியாக ஒரு புல்தரை அமைத்தார். அதற்குப் பிறகு மைதானத்தை ஒரு வாரம் வலமாகவும், அடுத்த வாரம் இடமாகவும் சுற்றி விளையாட முடிந்தது. ஒரே நிலம், ஆனால் இரண்டு மைதானம் மாதிரி. ஒரே இடம் தேயாமல் புல்லுக்கும் கொஞ்சம் ஓய்வு. ஞாயிற்றுக்கிழமை யாரும் விளையாடக்கூடாது என்பதிலும் அவர் உறுதியாக இருந்தார். மனுஷனுக்கு ஓய்வு வேண்டாம் என்றாலும் புல்லுக்கு வேண்டும் என்பது அவர் எண்ணம்.

பெண்களுக்காகவும் 1867-ல் டாம் ஒரு சின்ன மைதானம் செய்தார். அது மேடும் பள்ளமுமாக இருக்கும். அதனால் இமயமலை என்றே செல்லப்பெயர் வந்தது! அந்தக் காலத்தில் பெண்கள் மட்டையைத் தோளுக்கு மேலே தூக்கி அடிப்பது சரியில்லை என்று நினைத்தார்கள். அது நியாயமா என்று நீங்களே சொல்லுங்க.

1875 செப்டம்பரில் பெரிய டாமும் டாமியும் வேறு ஊரில் போட்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் டாமியின் மனைவிக்குப் பிரசவம், ஆபத்து என்று தந்தி வந்தது. படகில் ஏறி, கடலைக் கடந்து ஓடி வந்தார்கள். வருவதற்குள் தாயும் குழந்தையும் இறந்துவிட்டார்கள். டாமி அந்தத் துயரத்திலிருந்து மீளவே இல்லை. அதே வருஷம் டிசம்பர் 25 அன்று அவரும் இறந்துபோனார். வயது 24.

பெரிய டாம் மறுபடி மண்வெட்டியை எடுத்தார். தினமும் காலையில் குளிர்ந்த கடலில் குளித்துவிட்டு வேலைக்கு வருவார்.

மைதானத்தை எப்படித் திருப்பி விளையாடினாலும் கூட்டத்துக்குப் போதவில்லை. 1894-ல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி நிலம் ஊருக்கே சொந்தமாச்சு. பெரிய கிளப் தன் செலவில் இன்னொரு மைதானம் அமைக்க வேண்டும். யாரைக் கூப்பிட்டார்கள்? எழுபது வயதைத் தாண்டிய டாமைத்தான். 1895-ல் 18 குழிகளோடு நியூ கோர்ஸ் திறந்தது. அதாவது, புது மைதானம். அன்றிலிருந்து பழையதை ஓல்ட் கோர்ஸ் என்றார்கள். 1897-ல் ஜூபிலி கோர்ஸ் என்று மூன்றாவதும் வந்தது. இன்று அந்த ஊரில் 7 மைதானங்கள் இருக்கு. எல்லாமே பொது மைதானங்கள். வெளியூர்க்காரர்களும் விளையாடலாம்.

டாம் 1903 வரை வேலை செய்தார். 1908 மே 24 அன்று ஒரு கிளப்பின் மாடிப்படியில் தவறி விழுந்து இறந்தார். வயது 86. தன் மனைவியும் பிள்ளைகளும் எல்லோரும் போன பிறகும் அவர் இருந்தார். டாமியின் கல்லறைக்குப் பக்கத்திலேயே அவரையும் அடக்கம் செய்தார்கள்.

ஓல்ட் கோர்ஸின் கடைசிக் குழிக்கு டாம் மோரிஸ் என்று பெயர். நியூ கோர்ஸுக்கு 100 வயது எப்பவோ தாண்டியாச்சு. நாங்க சாஃப்ட்வேர் வேலையில் அவசரத்துக்கு ஒரு ஃபைலுக்குப் புதுசு என்று பெயர் வைப்போம். பிறகு அதை மாற்றவே மாட்டோம். அங்கேயும் அப்படித்தான். இன்னும் அது நியூ கோர்ஸ்தான். ஓல்ட் கோர்ஸ் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் மூடித்தான் இருக்கும். அன்று ஊர்க்காரர்கள் நாயைக் கூட்டிக்கொண்டு அங்கே நடக்கப் போவார்கள்.